கீப்பர் படுத்திருக்கிறாள்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியிலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பைச் சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அதுதான்.

என் தங்கை வெளிநாட்டில் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் போன் செய்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் கொட்டாவி விட்டாள். தாடை கழன்று விழுகிற மாதிரி, கொஞ்சமும் வெட்கமில்லாத கொட்டாவி. "அக்கா, தூக்கம் வருதுக்கா," என்றாள், லாட்டரி விழுந்ததைச் சொல்வதுபோல. அந்தப் பருவம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆட்டத்தை நானும் பார்த்தேன்தான், இருந்தாலும் அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டு, என்ன ஆச்சு என்று கேட்டேன். சொன்னாள். அவள் சொன்னதைக் கதையில் எங்கே வைப்பது என்பதுதான் இப்போது என் தொல்லை. ஒருத்தர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும் என்பார்கள். எனக்குக் கதை வந்தது.

2

முதல் தொடக்கம்:

"பனி பெய்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத நகரத்தில் தன்னந்தனியாக அவள்—"

அடித்துவிட்டேன். வெளிநாடு என்றால் பனி, பனி என்றால் தனிமை என்று என் கை தானாக எழுதுகிறது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"பனியாவது ஒண்ணாவது! இங்க மழைக்கா. எப்பப் பாத்தாலும் மழை. சாக்ஸ் காயவே மாட்டேங்குது. அப்புறம் தன்னந்தனியா எங்க இருக்கேன்? ஒரே ரூம்ல ரெண்டு பேரு. இவ குறட்டைக்கு மழையே பரவால்ல."

அந்த அறையை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஹீட்டர், ஹீட்டர் மேல் வரிசையாகக் கவிழ்த்துப் போட்ட கையுறைகள். நனைந்த நாய் வாசம் அடிக்கும் என்பாள். காலையில் ஒரு கிடங்கில் செருப்புப் பெட்டி அடுக்கும் வேலை, மதியத்துக்கு மேல் பயிற்சி. இதில் தனிமைக்கு ஏது நேரம்?

இரண்டாம் தொடக்கம்:

"வறுமையின் பிடியிலிருந்து வெற்றியின் பிடிக்கு—"

இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "உடும்பு என்று அவளுக்குப் பேர்."

இது நிற்கும்.

3

உடும்பு என்று அவளுக்குப் பேர். வைத்தவர் மேஸ்திரி.

கட்டட வேலையில் செங்கல்லை மாடிக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு சித்தாள், சாரத்தில் தட்டுக்கு ஒருத்தி, உச்சியில் கொத்தனார். கீழே இருப்பவள் கல்லை மேலே எறிவாள். அடுத்தவள் பிடித்து, பிடித்த வேகத்திலேயே மேலே இருப்பவளுக்கு எறிவாள். எங்கள் வரிசையில் தரையில் அம்மா, நடுவில் நான், எனக்கு மேல் தட்டில் தங்கை. நான் எறிந்த எதையும் அவள் தவறவிட்டதில்லை. கல் வருகிற போக்கிலேயே கையைக் கொஞ்சம் பின்னால் கொடுத்து வாங்குவாள். எதிர்த்துப் பிடித்தால் உள்ளங்கை உரிந்துவிடும். "கையா அது, உடும்பு," என்றார் மேஸ்திரி. பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிலிருந்து கல்லை இரண்டிரண்டாக எறியச் சொல்லிவிட்டார்.

(இந்த இடத்தில் அவளை ஒரு பி.டி. டீச்சர் கண்டுபிடித்து, மைதானத்துக்கு இழுத்துப் போய், பள்ளி அணி, ஊர் அணி, நாட்டு அணி என்று ஏற்றிவிட்ட கதை வர வேண்டும். வராது. பத்திரிகைக்காரர்கள் படத்தோடு எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதினால் செங்கல் ஏதோ தவம் மாதிரி ஆகிவிடுகிறது. செங்கல் பிடித்தவளெல்லாம் கோல்கீப்பர் ஆகலாம் என்றால், எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேரும் கீப்பராகவே ஓர் அணி அனுப்பியிருப்போம்.)

செங்கல் அவளுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது உண்மை. கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொடுத்துத் தொலைத்தது: பிடித்ததை வைத்திருக்காதே. வரிசையில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு நின்றால் போதும், அடுத்த கல் மூஞ்சிக்கு வரும். அதனால் அவள் உடம்பில் பிடிப்பதும் எறிவதும் ஒரே வேலை. நடுவில் இடைவெளி கிடையாது.

கோல்கீப்பர் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

4

கிளப் அவளை ஒரே ஒரு பருவத்துக்குத்தான் எடுத்திருந்தது. திருப்தியாக இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் விமான டிக்கெட். திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சாரத்தில் அவள் நின்ற தட்டுக்கு ஆள் எப்போதும் தேவைதான்.

பருவத்தின் நடுவில் ஓர் ஆட்டம். தங்கையின் அணி ஒரு கோல் முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடியப்போகிறது. எதிரணிக்கு கார்னர், மைதானத்தின் மூலையிலிருந்து உதைப்பது. பந்து மழையில் வழுக்கிக்கொண்டு உயரமாக வருகிறது. அத்தனை தலைகளுக்கும் மேலே எழும்பிப் பிடித்தாள். மைதானமே கைதட்டியது.

பிடித்த கையோடு எறிந்தும் விட்டாள்.

பக்கவாட்டில் அவளுடைய அறைத்தோழி நின்றிருந்தாள். உயரமான டிஃபெண்டர். சுவர் மாதிரி நிற்பதால் தங்கை அவளுக்கு வைத்த பேர் காம்பவுண்டு. காம்பவுண்டு அந்த நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் முடியை அள்ளி ரப்பர்பேண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பந்து அவள் முதுகில் மோதி, எதிரணிக்காரியின் காலடிக்குப் போய், அங்கிருந்து கோலுக்குள் போனது.

உடை மாற்றும் அறையில்*:

"ஏண்டி, நான் பாக்கறேனா இல்லையான்னு பாத்துட்டு எறிய மாட்டியா?"

"நீ எதுக்குத் திரும்பி நிக்கற?"

"முடி கட்டிட்டு இருந்தேன்!"

"மேட்ச் நடுவுல எவளாவது முடி கட்டுவாளா?"

"பந்து உன் கைல இருந்துச்சு. கீப்பர் கைல பந்து இருந்தா எங்களுக்கு ரெஸ்டு. மூச்சு விடுவோம், மூக்கு சிந்துவோம், முடி கட்டுவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான். நீ எந்த ஊர்டி?"

தான் பந்தைப் பிடிப்பது மற்ற பத்துப் பேரும் மூச்சு விடுவதற்காக என்று தங்கையிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

(* இவர்கள் யாரும் தமிழ் பேசுகிறவர்கள் அல்ல. தங்கை போனில் நடித்துக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். அவள் நடித்தால் உலகத்தில் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.)

5

இனி கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் வர வேண்டும். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். நான் எழுதியது:

"பயிற்சியாளர் அவள் தோளில் கைவைத்து, தாயின் கனிவோடு—"

"கனிவா!" என்று தங்கை சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "அவங்களுக்கு நான் வெச்ச பேரே பெரியம்மா. நம்ம பெரியம்மா மாதிரியே, வாயத் தொறந்தா திட்டுதான். நல்லவங்க ஆக்கிடாதக்கா, நம்ப மாட்டாங்க. டீம் கீழ் டிவிஷனுக்குப் போச்சுன்னா மொத வேலை போறது அவங்களுக்குத்தான்னு இருந்துச்சு. அந்தக் கடுப்பு."

எனவே கனிவை எடுத்துவிட்டேன்.

பெரியம்மா அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "இன்னொரு தடவை இப்படி எறிஞ்சேன்னா, உன்னை வெச்சுக்கச் சொல்லி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாளிலிருந்து பயிற்சியே வேறு. பந்தைப் பிடி, அதன் மேல் விழு, நான் எழுந்திரு என்று சொல்கிறவரை அப்படியே படுத்திரு. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கீப்பர்கள் செய்வதுதான். எவ்வளவு நேரம் பந்தை அணைத்து வைத்திருக்கலாம் என்று விதி உண்டு. நடுவர் கையைத் தூக்கி, விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். கடைசி விரல் மடங்குவதற்குள் பந்தை விட்டால் போதும். அதுவரை அது சட்டப்படியான ஓய்வு.

தங்கையால் முடியவில்லை. பாய்வாள், பிடிப்பாள், விழுவாள். விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவாள்.

"படு."

"ஈரமா இருக்கு மேடம்."

"புல்லு ஈரமாத்தான் இருக்கும். படு."

படுத்தாள். தலையை மட்டும் தூக்கி வேலிப் பக்கம் பார்த்தாள்.

"யாரப் பாக்கற?"

"யாருமில்ல மேடம்."

"யாருமில்லன்னா அப்புறம் என்ன, படு."

மறுபடி எழுந்தாள். பெரியம்மா பார்த்தார். வந்து அவள் முதுகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிஜமாவாக்கா! கனமான உடம்பு. எந்திரிக்கவே இல்ல. அப்படியே உக்காந்துக்கிட்டு யாருக்கோ போன் வேற பண்ணிப் பேசினாங்க."

சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் குரல் மாறிச் சொன்னாள்:

"அப்பல்லாம் படுத்தா நெஞ்சு படபடங்கும்க்கா. யாரோ திட்டப் போறாங்கன்னே இருக்கும். ரூம்லகூட அப்படித்தான். நீ தூங்கறியா, இல்ல ஓடறதுக்கு ரெடியா படுத்திருக்கியான்னு இவ கேப்பா."

இதை நான் விளக்கப்போவதில்லை. வெயிலில் கல் சுமக்கிற பெண் பகலில், வேலை நேரத்தில், பத்துப் பேர் பார்க்கத் தரையில் உடம்பைச் சாய்த்தால் என்னென்ன கேட்க வேண்டிவரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

6

முடிவுகள். மூன்று எழுதிவைத்தேன்.

அ) கடைசி ஆட்டம். கடைசி கார்னர். பிடிக்கிறாள். பழைய பழக்கம் வென்றுவிடுகிறது. எறிந்துவிடுகிறாள். கோல். விமானம். சாரம். கல்.

இதை வெளியிட்டால் நல்ல கதை என்பார்கள். எங்களைப் போன்றவர்கள் தோற்கிற கதைக்கு மரியாதை அதிகம். தங்கைக்கு அனுப்பினேன்.

"என்னை எதுக்குக்கா தோக்க வெச்ச?"

"கதைக்கு நல்லா இருக்கும்னு."

"கதைக்கு நல்லா இருக்கும். எனக்கு?"

ஆ) பெனால்டி. தடுக்கிறாள். தோளில் தூக்கிக்கொண்டு—

இல்லை. இதற்குப் பாட்டு வேறு போட வேண்டியிருக்கும்.

இ) அவள் சொன்ன, உண்மையில் நடந்த முடிவு. அதை எழுதி முடித்துவிட்டேன். நேற்றுவரை இந்தக் கதையில் இருந்தது. இன்று எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல, அம்மாவை உள்ளே கூப்பிட வேண்டும்.

7

கடைசி ஆட்டத்தை நானும் அம்மாவும் வீட்டில் போனில் பார்த்தோம். வேலைக்கு விடுமுறை. போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் சமன். சமனாக முடிந்தால் கிளப் அதே டிவிஷனில் நிற்கும், தங்கையும் நிற்பாள். ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. இதை அம்மாவுக்கு விளக்கியிருந்தேன். அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை, மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மழையில் சும்மா நிற்கும்போதெல்லாம், "குடை குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

கடைசிக் கணங்கள். கார்னர். பந்து வந்தது. கூட்டத்துக்கு மேலே இரண்டு கையுறைகள் தெரிந்தன. கையைக் கொஞ்சம் பின்னால் கொடுத்து வாங்கினாள். அதை மட்டும் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பிடித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எறியப்போகிறாள்.

திறந்தபோது படுத்திருந்தாள்.

பந்தை வயிற்றுக்கு அடியில் வைத்து, முழங்காலை மடக்கி, கன்னத்தைச் சேற்றுப் புல்லில் வைத்து, படுத்திருந்தாள்.

"ஏய், எந்திரிடி!" அம்மா போனைப் பார்த்துக் கத்தினாள். "எந்திரி, எந்திரி, பாக்கறாங்க!"

"யாரும்மா பாக்கறாங்க?"

"அந்தா, கையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி நிக்கறாளே, கண்ணு தெரியல உனக்கு? எந்திரிடி, திட்டப் போறா!"

"அது ரெஃப்ரீம்மா. திட்டல. எண்ணறாங்க. அதுவரைக்கும் படுத்துக்கலாம். சட்டம்."

"படுத்துக்கறதுக்குச் சட்டமா?"

"ஆமா."

அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. நடுவரின் விரல்களில் சில மடங்கியிருந்தன, சில நிமிர்ந்திருந்தன. சுற்றி இருந்தவர்கள் இடுப்பில் கைவைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி அப்படியே நின்றார்கள். பெரியம்மா மைதானக் கோட்டுக்கு வெளியே இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டியபடி உறைந்திருந்தார். நடுவில் தங்கை.

அம்மா கிட்டே குனிந்து பார்த்தாள்.

"அழுவறாளா?"

"இல்லம்மா. கண்ண மூடியிருக்கா."

"அடிபட்டுருச்சா?"

"இல்ல. சும்மா படுத்திருக்கா."

சிக்னல் வருமா என்று திரையைத் தட்டக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத."

"என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

"தெரியறப்பத் தெரியட்டும். புள்ள கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் விடு."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

அதனால்தான் மூன்றாவது முடிவை எடுத்தேன். பிறகு படம் வந்தது, கடைசி விரலும் மடங்கியது, விசில் ஊதினார்கள், ஆட்டம் ஏதோ ஒரு விதமாக முடிந்தது. எல்லா ஆட்டமும் முடியத்தானே செய்கிறது. இங்கே மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும்.

உங்கள் போன் எங்களுடையதைவிட நல்ல போனாக இருக்கலாம். பொறுக்க முடியவில்லை என்றால் நீங்கள் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அவசரமில்லை.