கப்ளிங் இறுக்கம்

இப்போதெல்லாம் அந்த ரயில் ஜங்ஷனுக்குள் போவதே இல்லை. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட இரண்டு கிலோமீட்டர் வளைவில் திரும்பி, தலைநகரத்தைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடுகிறது. பயணிகளுக்கு அரை மணி நேரம் மிச்சம். அந்த வளைவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் அந்த இடம் வந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். பழக்கம் லேசில் விடுமா?

முன்பு வண்டி ஜங்ஷனுக்குள் வந்து, வந்த பக்கமாகவே திரும்பி வெளியேறித் தலைநகரப் பாதையைப் பிடிக்கவேண்டும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டி வந்து, மறுமுனையில் மாட்டுவார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம். மாதத்தின் முதல் திங்கள்கிழமை நான் ரயில்வே தலைமை அலுவலகத்துக்கு வேலை விஷயமாகப் போவேன். அக்கா பிளாட்பாரத்தில் காத்திருப்பாள். அவள் மகளுக்குப் பல் முளைத்ததும், எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனதும் ஜன்னல் கம்பி வழியாகப் பேசிச் சிரித்த கதைகள்தான். அந்தத் திங்கள்கிழமைகளுக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

வீட்டுக்கே போயிருக்கலாமே என்பீர்கள். எல்லாம் என் வாய்க்கொழுப்பு. அக்காவின் கணவர், என் மாமா, அதே ஜங்ஷனில் இன்ஜின் கழற்றி மாட்டுகிறவர். கல்யாணத்தன்று, ஆபீஸ் வேலை கிடைத்த திமிரில், "கொக்கி மாட்டுறவருக்கா எங்கக்காவைக் குடுக்கிறீங்க?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டேன்.

"இனிமே என் வாசப்படியை மிதிக்காத" என்றார் அவர்.

ரோஷத்தில் நான் மட்டும் குறைந்தவளா? பதினோரு வருடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி கிளம்பத் தாமதமானால், "உன் வீட்டுக்காரருக்குக் கையே வராதா?" என்று அக்காவைச் சீண்டுவேன். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அப்போதுதான் அந்த வேலை என் மேசைக்கு வந்தது. "அதிவேகப் பாதையெல்லாம் நமக்கு இப்போதைக்குக் கனவு. இருக்கிற பாதையில எங்கெங்க நிமிஷம் வீணாகுதுன்னு பாரும்மா" என்றார் அதிகாரி. ஆறு வருடத் தாமதப் பதிவேடுகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜங்ஷன் பதிவேட்டில் சில நாட்களில் பதினைந்து நிமிட வேலைக்கு இருபத்து மூன்று நிமிடம். காரணம்: கப்ளிங் இறுக்கம், அதாவது இன்ஜினையும் பெட்டியையும் பிணைக்கும் கொக்கி கழல மறுத்ததாம். கீழே மாமாவின் கையெழுத்து. வசமாக மாட்டினார் என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்தத் தேதிகளைத் தனியாக எழுதத் தொடங்கினேன்.

பத்துப் பன்னிரண்டு தேதி எழுதியதும் கை ஓடவில்லை. எல்லாமே முதல் திங்கள்கிழமைகள். நான் காய்ச்சலில் படுத்திருந்த மாதத்தில் மட்டும் சரியாகப் பதினைந்து நிமிடம். பதிவேட்டை மூடிவிட்டு, ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன்.

அடுத்த திங்கள்கிழமை வண்டி நின்றதும், "இரு அக்கா, இதோ வந்துடறேன்" என்று இறங்கி முன்னால் நடந்தேன். மாமா இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"மாமா."

நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"வளைவு போடணும்னு எழுதியிருக்கேன். அது வந்துட்டா இந்த வண்டி இங்க வராது. உங்க வேலை..."

"என்னை வேற எங்கயாவது போடுவாங்க. ஆயிரம் பேர் போற வண்டி. நல்லதுதான எழுதியிருக்க."

"அன்னைக்கு நான் பேசினது தப்பு மாமா."

கப்ளிங்கை மறுபடி பிடித்துக்கொண்டே சொன்னார். "எட்டு நிமிஷத்துக்கு மேல என்னால இழுக்க முடியாது. அதையும் என்கிட்ட நின்னு வீணாக்காத. உங்கக்கா அங்க தனியா நிக்கிறா, போ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். நாலடி வைத்திருப்பேன்.

"வண்டி வராட்டி என்ன?" என்றார் பின்னாலிருந்து. "வீடு அங்கயேதான இருக்கு."