முதுகில் பட்ட வெட்டு

1

"நெஞ்சுலதான் மைனி வெட்டு விழணும். அப்பதான் ஆம்பளையா—"

"முதுகுலன்னு சொல்லுதேம்லா—"

"யாரு இல்லன்னா? நான் சொல்லுதது படத்துல—"

"படத்துலயும் முதுகுலதான். உங்க அண்ணனுக்கு என்ன, ரெண்டு உடம்பா இருந்துச்சு?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு குரல்கள். முகங்களை நான் பார்க்கவில்லை. எனக்குக் கதை எப்போதுமே காது வழியாகத்தான் வரும்; மூக்கும் முழியும் பிறகு நானாக ஒட்டவைப்பவை. ஜங்ஷனில் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இனி வருவதெல்லாம் கற்பனை. பெயர்களும் நான் வைத்தவைதான்: அவள் பாக்கியவதி, அவன் அவளுடைய கொழுந்தன் காசிலிங்கம்.

2

தாமிரபரணி அன்று அமைதியாக ஓடிக்கொண்டி—

[வேண்டாம். கொலை என்றதும் ஆற்றை இழுத்துக்கொண்டு வருவதைச் சினிமாக்காரர்கள் மட்டுமா செய்கிறார்கள்?]

நேராகவே சொல்லிவிடுகிறேன். பாக்கியவதியின் கணவர் தாணுமாலையன், வாழைத் தோப்புகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கூலிக்காரர். ஆற்று மணலை அள்ளுவது யார் என்று அதிகாரிகள் வந்து கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். அதில் வீரமெல்லாம் ஒன்றுமில்லை. பொய் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும், அவ்வளவுதான். சில நாளில் கால்வாய்க்கரையில் வைத்து இரண்டு பேர் அவரை வெட்டினார்கள். 'அவன்தான் முதலில் மண்வெட்டியை ஓங்கினான், உயிருக்குப் பயந்து வெட்டினோம்' என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஆனால் வெட்டு முதுகில் இருந்தது. ஓடுகிறவன் எப்படி ஓங்குவான்? அந்தக் காயம் ஒன்றுதான் சாட்சி. அதை வைத்துத்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு மதுரையில் இன்னும் முடியவில்லை.

இப்போது அந்த வழக்கைப் படமாக எடுக்கப்போகிறார்கள்.

3

இயக்குநர் ஜோஷுவாவுக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டை, குடியிருப்பு சென்னை. வீட்டுக்கு வந்தவன், தாணுமாலையன் எதிர்த்து நின்று நெஞ்சில் வெட்டு வாங்குவதாகக் கொலைக் காட்சியை நடித்தே காட்டினான். மண்வெட்டிக்குப் பதிலாக மூலையில் கிடந்த பாக்கியவதியின் குடையை எடுத்துக்கொண்டான்.

"ஏலே! ஆத்துல கைய வச்சவனுக்குக் கை இருக்காதுலே!"

காசிலிங்கம் கைதட்டினான். பாக்கியவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

"மேல பல்லி விழுந்தா, பஞ்சாங்கத்தப் பாத்துட்டுத்தான் சட்டையப் போடுவாரு தம்பி. அவரா இப்படிப் பேசுனாரு?"

"நிஜத்துல பேசலைதான். ஆனா பாக்கிறவங்களுக்கு அவர் மேல ஒரு மரியாதை வரணும்ல?"

"பயந்த மனுசம்னா மரியாதை வராதோ?"

"மைனி, பைய பேசுங்க. சார் நமக்கு நல்லதுதான செய்யுதாரு?"

4

காசிலிங்கத்தின் கண்ணெல்லாம் படக்கம்பெனி தரப்போகும் பணத்தின் மேல்—

[அடித்துவிட்டேன். பேருந்தில் கேட்ட குரலில் பணம் இல்லை. அது, இன்னும் ஒரு சொல் சொன்னால் உடைந்துவிடும் குரல். திருத்தி எழுதுகிறேன்.]

"உங்களுக்கென்ன மைனி, வீட்டுக்குள்ள இருக்கீங்க. நான் டீக்கடைக்குப் போனா அங்கன பேச்சு நின்னுரும். போன மாசம் ஒருத்தன் கேக்கான், 'வெட்டுனவனுக்கு உங்க அண்ணன் முகமே தெரியாதாமே, முதுகுதான் தெரியுமாமே'ன்னு. நான் என்ன செய்ய?"

முதுகில் காயம் பட்டால் இழுக்கு என்று இந்த மொழி இரண்டாயிரம் வருஷமாகப் பாடிப் பாடிக் காசிலிங்கத்தின் காதில் ஊற்றிவைத்திருக்கிறது. அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கால்வாய்க்கரையில் தாணுமாலையன் என்ன பேசியிருப்பார் என்று நானும் எழுதிப் பார்த்தவள்தான். இந்தக் கதையில் எல்லோர் குரலும் எனக்குக் கேட்கிறது; அவர் குரல் மட்டும் கேட்கவில்லை. மூச்சு வாங்குவதுதான் கேட்கிறது.

[ஜோஷுவாவாவது வீடு தேடிப் போய்க் கேட்டான். நான் ஒட்டுக்கேட்டதோடு சரி.]

5

பாக்கியவதி சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏ லிங்கம், இங்கன பாரு. உங்க அண்ணன் மம்பட்டிய ஓங்குனாருன்னு யாரு சொன்னா?"

"அவனுவதான் சொன்னானுவ."

"அது பொய்யின்னு சொல்ல நமக்கு என்ன இருந்துச்சு? அந்த முதுகு ஒண்ணுதான? இப்ப அதை நெஞ்சுக்கு மாத்துனா நீ கைதட்டுதே. வெட்டுனவன் கோர்ட்டுல சொன்ன கதையத்தான நீயும் எடுக்கச் சொல்லுதே?"

ஜோஷுவா குடையைச் சுவரோரம் சாய்த்துவைத்தான்.

"தம்பி, நீங்க தீர்ப்பப் படிச்சியளா?"

"படிச்சேம்மா. வசனம் எழுத உக்காந்ததும் மறந்துட்டேன்."

"ஓடுனா கேவலமா? பொழைக்கணும்னு ஓடுனாரு. எங்கூட இருக்கணும்னு ஓடுனாரு. அதைக் கேவலம்னு ஒருத்தன் சொல்லுதான்னா, அவன் இருக்க கடையில போயி நீ எதுக்கு லிங்கம் டீ குடிக்கே?"

6

முடிவு ஒன்று: ஜோஷுவா தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். படத்தில் வெட்டு நெஞ்சில்தான் விழுகிறது. [உலகத்தில் நடப்பது இதுதான் என்பீர்கள். இருக்கட்டும். நடப்பதெல்லாம் என் கதையிலும் நடந்தே தீரவேண்டுமா?]

முடிவு இரண்டு: படம் முடிந்ததும் ஊரே எழுந்து நின்று— [சே.]

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். எழுதும்போது எனக்கே நெஞ்சுக்குள் காற்று வந்தது.

"வசனம் கிடையாதும்மா," என்றான் ஜோஷுவா. "மண்வெட்டிய அவர் தொடவே மாட்டார். வெட்டையும் காட்டலை. அவர் ஓடுறது மட்டும்தான்."

"பயந்து?"

"பயந்துதான்."

"வாக்கு மாறமாட்டியளே?"

"மாறமாட்டேம்மா."

பாக்கியவதி தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இனி அவர் அவராகவே சாகலாம். இவ்வளவு நேரமாகியும் வந்த பிள்ளைக்கு ஒரு வாய் டீ கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஐயோ!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

[இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று பேரும் டீ குடிக்கிறார்கள், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காசிலிங்கம் பேச ஆரம்பித்துவிட்டான். அவன் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.]

காசிலிங்கம் தம்ளரைத் தரையில் வைத்தான்.

"சார், அண்ணன் ஓடுதாருன்னே எடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஓடுததுன்னு ஆயிப்போச்சுல்லா சார்... இன்னுங் கொஞ்சம், வீடு வரைக்கும் ஓட விடக்கூடாதா?"