மெயில் திறக்காத காரணம்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிசில் மெயில் திறக்கவில்லை என்று பதுளைக் கடைக்கு ஃபோன் வந்தது. கம்பியூட்டர் திருத்துகிற ஜிப்னாவை முதலாளி பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்.

பெரிய கிளாக்கர் விஜேந்திரன் கதிரையைச் சற்றே நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். மவுசில் வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பும் காய்ந்து ஒட்டியிருந்தன. மேசைக்கடியில் அவர் துப்புகிற டின் நுரைத்துக் கிடந்தது. ஜிப்னா மவுசைத் துடைத்த துணியை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டாள்.

"இன்னைக்கே கொழும்புக்கு ரிப்போட் போகணும் தங்கச்சி. சுருக்கா பாருங்க."

மெயில் புரோகிராமை அழுத்தினால் அதன் படம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. பின்னணியில் எங்காவது சிக்கியிருக்கும் என்று தேடி நிறுத்தினாள், பயனில்லை. சேஃப் மோடில் திறந்தாள், அதுவும் மூடிக்கொண்டது. கடைசியில் டிஸ்க்கைப் பார்த்தாள். எள் விழ இடமில்லை. எழுத இடமில்லாத புரோகிராம் எப்படித் திறக்கும்?

எது அடைத்திருக்கிறது என்று தேடியபோது 'மழை அளவு' என்றொரு ஃபோல்டர் மலைபோல் வந்து நின்றது. எத்தனை வருட மழையை எழுதினாலும் இவ்வளவு இடம் பிடிக்காது. திறந்தாள்.

"அதத் தொடாதீங்க!" என்று விஜேந்திரன் எழும்புவதற்குள் வீடியோ ஓடத் தொடங்கியிருந்தது.

கொழுந்துத் திருட்டைப் பிடிக்கவென்று ஸ்டோர் சுவரில் பூட்டிய கெமரா, பெண்கள் குளிக்கிற தண்ணீர்ப் பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்பளவு பாவாடை கட்டிய ஒருத்தி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். படம் அவளை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கிப் போனது. ஜிப்னா சட்டென்று மூடினாள். உள்ளே ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பெண்ணின் பெயர்.

விரல் வைத்த கீபோட், உட்கார்ந்த கதிரை, அந்த அறையின் காற்று எல்லாமே அந்த ஆளின் எச்சிலில் ஊறியதுபோல் இருந்தது.

"கெமரா தன்பாட்டுக்கு எடுத்ததுதானே. அழிச்சிட்டு மெயில திறந்து குடுங்க."

"பேர் வெச்சதும் கெமராவா?"

அவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஆபிசைக் கூட்டித் துடைக்கிற பெண் தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள். "வெச்சிட்டுப் போ, ஜீவராணி," என்றார் விஜேந்திரன். அவளுடைய பெயரும் அந்த ஃபோல்டரில் இருந்தது. சொல்வதா, விடுவதா என்று ஜிப்னா ஒரு நொடி தடுமாறினாள். பிறகு அவளை அருகே இழுத்து, காதோடு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜீவராணி தட்டை மேசையில் வைத்தாள். "எம் மக கல்யாணத்துல மொத பந்தியில ஒக்காந்து தின்னியேடா!" என்று விஜேந்திரனின் சட்டையில் காறித் துப்பினாள்.

சத்தம் கேட்டு, தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் சுளித்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், மொதல்ல மெயில் போகட்டும். மத்தத நாங்க உள்ளுக்குள்ள விசாரிப்போம்," என்றார்.

"இத யாரும் அழிக்க ஏலா சேர்," என்ற ஜிப்னா, கம்பியூட்டர் பெட்டியின் வயர்களைப் பிடுங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு பொலிசுக்கு ஃபோன் எடுத்தாள்.

ஜீவராணி கொழுந்து பறிக்கிற மலைக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்து ஆபிஸ் வாசலை அடைத்து நின்றார்கள். பொலிஸ் வரும்வரை ஒருத்தியும் நகரவில்லை.

பொலிஸ் நிலையத்தில் இன்னொரு அசிங்கம் காத்திருந்தது. சாட்சியைப் பார்க்கவேண்டும் என்று பெட்டியை மாட்டிய பொலிஸ்காரர், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் திறந்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஜிப்னா எழுந்துபோய்த் திரையைக் கையால் மறைத்தாள். பெண் அதிகாரி வராமல் இது ஓடாது என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் அதட்டினார். ஜீவராணி வந்து மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெளியே நின்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர் வீடியோவை மூடிவிட்டுப் பதுளைக்கு ஃபோன் எடுத்தார்.

பதுளையிலிருந்து பெண் அதிகாரி வந்து, ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். யார் முதலில் முறைப்பாடு சொல்வது என்று கேட்டார்.

"எழுதிக்குங்க," என்றாள் ஜீவராணி. "நான் சொல்றேன்."

விஜேந்திரன் அடுத்த நாள் ரிமாண்டுக்குப் போனார்.