ஓடையைக் கடக்கும் வரை

நதாவுக்கு ஏழு வயது நிறைந்த வாரத்தில், என்ன வேண்டும் என்று அவளுடைய வாப்பா றிஸ்கான் போனில் கேட்டான். "நீர்வீழ்ச்சி பாக்கப் போகணும். உம்மாவும் வரணும்," என்றாள் அவள்.

றிஸ்கானும் நிஷ்மியாவும் பிரிந்து மூன்று வருடம். அவனுடைய மூத்த சகோதரியான ராத்தாவோடு ஏதோ வாய்த்தகராறு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உக்குவளையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள் நிஷ்மியா. அவளாக வரட்டும் என்று அவன் மாத்தளையில் இருந்துவிட்டான். மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு இரண்டு வீட்டாரும் பேசிப் பேசி, காரியம் காதி நீதிமன்றத்தில் விவாகரத்தாய்ப் போய் முடிந்தது. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் போய் வாசலில் நின்று மகளை அழைத்துப் போவான். அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் கொண்டுவந்து விடுவான்.

நிஷ்மியா வர ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் தம்பி பவாஸும் கூடப் போனால் போகலாம் என்று அவளுடைய உம்மா சொல்லிவிட்டாவாம். அந்த வாரம் முழுக்க றிஸ்கான் ஒரே பேச்சைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தலாக்தான் ஆகியிருந்தது. மறுபடி நிக்காஹ் செய்துகொள்ள மார்க்கத்தில் தடையில்லை. கேட்க வாய் வர வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தோட்டை தாண்டி மலையேறி அவன் த்ரீவீலை நிறுத்தியபோது மணி பத்து. காட்டிலாகாக் காவலர் பெயர்களை எழுதிக்கொண்டே, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓவ்," என்று ஆமோதித்தான் றிஸ்கான்.

அட்டை ஏறாமலிருக்க மகளின் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்த நிஷ்மியா நிமிரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவே அவனுக்குப் பெரிதாயிருந்தது. மேலே மழை பெய்தால் ஓடை சட்டென்று ஏறும், தண்ணீர் நிறம் மாறினால் உடனே திரும்பிவிடுங்கள் என்று காவலர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

காட்டுக்குள் முக்கால் கிலோமீட்டர் நடை. பவாஸும் நதாவும் முன்னால் ஓடினார்கள். யாரோ எப்போதோ நட்டுக் கைவிட்ட ஏலக்காய்ச் செடிகள் பாதையை மூடிக் கிடந்தன.

"பாத்து வாங்க, வழுக்குது," என்றான் றிஸ்கான்.

கலியாணமாகி இருந்த காலமெல்லாம் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டான். வழக்கு நடந்த நாளில் அவன் வாயில் வந்த 'நீங்க' பிறகு போகவே இல்லை.

கற்களை மிதித்து ஓடையைக் கடந்தால் நீர்வீழ்ச்சி. நதா மாமாவோடு ஆழமில்லாத குட்டையில் இறங்கினாள். நிஷ்மியா ஒரு பாறையில் உட்கார்ந்து பிளேன்டீ ஊற்றி, கருப்பட்டித் துண்டோடு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு விஷயம் செல்லணும்," என்று அவன் தொடங்கினான்.

"எனக்கும் ஒண்ணு செல்ல ஈக்கி."

"அப்ப நீங்க மொதல்ல செல்லுங்க."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்குறணைல ஒரு எடம் பேசீக்கிறாங்க. பொஞ்சாதி மவ்த்தாகித் தனியா ஈக்கிற ஆள், மாஸ்டர். நோன்பு முடிய நிக்காஹ்."

"சரி செல்லிட்டீங்களா?"

"செல்லிட்டேன். வேற ஆள் வாயால நீங்க கேக்கப்படாதுன்னுதான் இண்டைக்கு வந்தேன். நதா என்னோடதான். ஆனா நீங்க வந்து கூட்டிட்டுப் போறது ஒண்ணும் மாறாது. அத நான் மொதல்லயே பேசிட்டேன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன செல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. நதாட ஸ்கூல் விஷயம்."

"மச்சான்!" என்று பவாஸ் கத்தினான். குட்டை செம்மண் நிறமாகியிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் சுழன்று வந்தன. பவாஸ் நதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்துவிட்டான். பின்னால் போன றிஸ்கான் பாதி ஓடையில் திரும்பிப் பார்த்தான். நிஷ்மியா முதல் கல்லிலேயே நின்றாள். அடுத்த கல்லுக்கு மேலால் தண்ணீர் போனது.

"எனக்கு ஏலா!"

அவன் திரும்பி இறங்கினான். தண்ணீர் தொடையை இழுத்தது. "கையப் புடி. கீழ பாக்காத. என்னப் பாத்துட்டு வா."

பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல்கள் இறுகின. இடையில் ஒரு தடவை கால் சறுக்கி அவன் தோளில் வந்து மோதினாள். கரையேறியபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"கைய விடுங்க," என்றாள் மெதுவாக. அப்போதுதான் தான் இன்னும் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

விட்டான். "நான் வந்து ஒன்னக் கூப்பிட்டீக்கணும், நிஷ்மியா. அந்த மூணு மாசத்துல ஒரு நாளாவது."

அவள் தலையில் போட்டிருந்த ஷோலைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள். "வாசல் கேட்டுல சத்தம் கேக்குற நேரமெல்லாம் எட்டிப் பாத்தேன்," என்றாள். "வாங்க போவம். புள்ள நனைஞ்சு ஈக்கி."

திரும்பும் வழியில் அவன் வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். அப்படியும் பாதை முடிந்துவிட்டது.

உக்குவளையில் நிஷ்மியாவின் உம்மா வெளியே வந்து, நால்வரும் நனைந்திருப்பதைப் பார்த்துப் பதறினா. பிறகு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, "உள்ளுக்கு வாங்க மகன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றா.

மகளின் கலியாணம் முடிவான பிறகு அந்த அன்பு இப்போது ஏன் வருகிறது என்று றிஸ்கானுக்கு விளங்கியது. அது பொய்யன்பு அல்ல என்பதும் விளங்கியது.

"இன்னொரு நாளைக்கு வாரேன், மாமி," என்று சொல்லிவிட்டு த்ரீவீலைத் திருப்பினான்.