இரண்டும் இடது கை

மாலை ஐந்து மணிக்குள் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும். மணி மூன்றரை. தையல் கம்பெனியின் வெட்டு மேசையில், துணிக் குவியலுக்கு நடுவே நோட்டை விரித்திருந்தேன். இஸ்திரி போடும் ஒல்லிக்குச்சி கதையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இதுல நீ உத்தமன், உங்க அக்கா ராட்சசி. யாருடா நம்புவா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நடந்ததைத்தானே எழுதினேன்! அக்காவும் நானும் சேர்ந்து ஒரு தையல் கடை நடத்தினோம். ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன். கோட்டுக்காரர் முன்னாலேயே, “கண்ணு எங்கடா இருக்கு?” என்று அக்கா என்னைக் காய்ச்சி எடுத்தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வந்தவன்தான், மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கதையைப் படித்தாவது போன் செய்ய மாட்டாளா என்ற நப்பாசையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

‘நான்’ என்பதையெல்லாம் ‘அவன்’ என்று மாற்றிப் பார்த்தேன். அதே உத்தமன், சட்டைதான் வேறு.

“உங்க அக்காவே சொல்ற மாதிரி எழுதேன்,” என்றான் ஒல்லிக்குச்சி.

வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தேன். அக்கா எனக்கு முன்பே கடைக்கு வந்துவிடுவாள். அதனால் அவளுடைய கதையும் முன்பே தொடங்கியது. ஷட்டரைத் தூக்கினேன், மேசையைத் துடைத்தேன், கோட்டுத் துணியை இரண்டாக மடித்துத் தம்பி வெட்டுவதற்கு விரித்தேன்...

பேனா நின்றுவிட்டது. மடித்தாளா?

எங்கள் கடையில் துணி விரிப்பது அக்கா, வெட்டுவது நான். மடித்துப் போட்ட துணியை வெட்டினால் இடமும் வலமும் ஜோடியாக வந்தே தீரும். மடிக்காமல் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்தான் இரண்டும் ஒரே கையாகும். அந்த நாளை எத்தனை தரம் மனசுக்குள் ஓட்டியிருப்பேன்! ஒவ்வொரு தரமும் நான் கத்தரிக்கோலை எடுத்த இடத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன்.

“கெடச்சிடுச்சுடா!” என்று கத்தினேன். ஒல்லிக்குச்சி இஸ்திரிப்பெட்டியைக் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தான்.

கோபம் வரவேண்டும், வரவில்லை. ஒரே சந்தோஷம். அவள் என் மேல் வெறுப்பில் கத்தவில்லை, தன் தப்பு தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கத்தியிருக்கிறாள். மணி நாலு. போனை எடுத்தேன்.

“யாரு?” என்றாள், என் நம்பர் தெரிந்தும்.

“அக்கா, ஒரு கதை எழுதுறேன். நீ சொல்ற மாதிரி. முதல் வரி கேளு. ‘அன்று அவசரத்தில் துணியை நான் மடிக்காமல் போட்டேன்.’”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

“கோட்டுக்காரர் வந்து நின்னதும் பயந்துட்டேன்டா,” என்றாள். “அப்புறம் சொல்ல வாய் வரல.”

“தெரியும்க்கா. அதையும் எழுதணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டாவது வரி நான் சொல்றேன், எழுதிக்கோ. ‘என் தம்பி சரியாகத்தான் வெட்டினான்.’ எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“இரு, கடையைச் சாத்திட்டு உன் கம்பெனிக்கே வரேன். மிச்சத்தை நானே சொல்றேன்.”