பந்த் அன்று ஊற்றிய சோடா

மலையிலிருந்து வந்த கடிதத்தை வசுமதி படித்துச் சொன்னபோது பெத்துராஜ் உரலில் செடியை இடித்துக்கொண்டிருந்தான்.

"டார்ஜிலிங் ஏஜென்ட் எழுதியிருக்கார், ராஜுதா. மட்டமான செடி பறிச்ச ஆளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம்."

உலக்கை நின்றது.

கிதர்பூர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு போனபின் இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தினக்கூலியாக வந்தவன் அவன். அண்ணன் முறை வைத்து 'ராஜுதா' என்றுதான் வசுமதி கூப்பிடுவாள். மூன்று வருஷமாக, அங்கே ஆராய்ச்சி செய்யும் அவளுக்கு இந்தக் கசப்புச் செடியைத்தான் இடிக்கிறான். தூளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, வற்றவைத்து, அமிலத்தில் கரைத்து, லிட்மஸ் தாள் நீலமாகும்வரை அமோனியா ஊற்றி, குளோரோஃபார்மோடு குலுக்க வேண்டும். கடைசியில் ஊசி ஊசியாகப் படிகம் வரும். யாரும் இதுவரை காணாத ஆல்கலாய்டு, செடியின் கசப்புச் சத்து என்றாள். முதல் தடவை படிகம் வந்த அன்று காளிகாட்டில் சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்து அவனுக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவன் கை பட்டு அதுவும் கசந்தது. டாக்குரியாவில் அவன் வீட்டில் மனைவி சுப்பம்மாள் அவனைச் சோற்றுப் பானையைத் தொட விடுவதில்லை. "ஒங்க கை பட்டா பிள்ளைக திங்காது" என்பாள்.

போன மாதம் ஒரு தடவை மட்டும் படிகம் வரவில்லை. சரக்கு மட்டம் என்று வசுமதி மலைக்குக் காரமாக எழுதினாள். பெத்துராஜ் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது எவனோ ஒருவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"அந்தாளு மேல குத்தமில்லம்மா. நாந்தான்."

"என்ன நீங்கதான்?"

"பந்த் அன்னிக்கு ரயில்பாதையிலயே நடந்து வந்தேன். ஸ்டோர் பூட்டிக் கெடந்துச்சு, அமோனியா காலி. கண்ணாடி களுவுற சோடாவக் கரைச்சு ஊத்திட்டேன். தாளு நீலமாச்சு, சரியாப் போச்சுன்னு நெனச்சேன். நிப்பாட்டணும்னா என்னய நிப்பாட்டுங்க."

திட்டுவாள் என்று நின்றான். அவள் மெல்ல உட்கார்ந்தாள். மேசைமேல் நாலு மணித் தபாலுக்கான உறை இருந்தது. உள்ளே அந்தப் புது ஆல்கலாய்டைப் பற்றிய அவளுடைய கட்டுரை.

"அம்புட்டுப் பெரிய தப்பாம்மா?"

"உங்க தப்பு இல்ல. செடியில இருக்கிற சாமான்னா சோடா ஊத்தினாலும் வரணும். அமோனியா ஊத்தினாத்தான் வரும்னா, அது செடியில இல்லவே இல்ல. அமோனியா சேர்ந்து நம்ம குடுவையில உண்டானது."

"மூணு வருசமாவா?"

உறையை இழுப்பறைக்குள் தள்ளினாள். ஒரு தாளை எடுத்து, பறித்தவன்மேல் பிழையில்லை, திரும்ப வேலைக்குச் சேர்க்கவும் என்று எழுதி அவன் கையில் கொடுத்தாள்.

"நாலு மணித் தபாலுக்கு இது போகட்டும். மட்டம்னு எழுதினோமே, அந்த மூட்டையில மிச்சம் இருக்கா?"

"ரெண்டு கிலோ கெடக்கு."

"சரிபாதியா பிரிச்சு இடிங்க."

ஆறாம் நாள் மதியம், வெள்ளை பூசிய கண்ணாடித் தகட்டில் குடுவைக்கு ஒன்றாக இரண்டு சொட்டு வைத்தாள். இடது அமோனியா ஊற்றியது, வலது சோடா ஊற்றியது. ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சாகக் காட்டும் மருந்தைத் தெளித்தாள். இடப்பக்கம் உடனே ஆரஞ்சுப் பொட்டு எழுந்தது. வலப்பக்கம் ஒன்றுமில்லை. அவள் தகட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள். தகடு காய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெத்துராஜ் இரண்டு குடுவைகளையும் குழாயடிக்கு எடுத்துப் போனான். பழக்கத்தில் சோடா டப்பாவுக்கு நீண்ட கை பாதியில் நின்றது. வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தான்.