ஜெனரல் ஊற்றிய தண்ணீர்

கிறிசாந்தோ கிழவன் யாரையும் நம்பமாட்டான். பாதிரியாரை நம்பமாட்டான், பத்திரிகையை நம்பமாட்டான், தராசு பிடிக்கிற கசாப்புக்காரனை நம்பவே மாட்டான். வாழ்நாளில் அவன் முழுசாக நம்பிய ஒரே ஆள் ஜெனரல் லியாந்த்ரோ ஒவெலார். அவரும் செத்துப்போனார். நாடு இப்போது மகன் ரெனான் கையில்.

ரெனானின் ஆட்கள்தான் கிழவனின் மகன் நிக்காசியோவைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். மாட்டுச்சந்தையில் குடித்துவிட்டு, "அப்பன் சிங்கம், மகன் சிங்கத்தோட படம்" என்று கத்தினானாம். சனிக்கிழமை படகில் தீவுச் சிறைக்கு அனுப்புவார்கள். தீவுக்குப் போனவன் திரும்பியதில்லை.

ஜெனரலின் நினைவுநாள் பூசை முடிந்ததும் அவர் குடும்பம் கோயில் பக்கத்து அறையில் உட்கார்ந்து சனங்களின் குறை கேட்கும். கிழவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றான்.

"என்ன வேணும் பெரியவரே?" என்றான் ரெனான்.

"என் மகனை விடணும் தம்பி. அவன் உங்கப்பாவோட ஞானப்பிள்ளை. அவரும் நானும் கொம்பாத்ரே."

பெற்ற தகப்பனும், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்த உறவைவிடப் பெரிய உறவு அது.

"எங்கப்பாவுக்கு ஊர் பூரா ஞானப்பிள்ளைங்கதான்." அதிகாரிகள் சிரித்தார்கள்.

"இவன்தான் முதல் பிள்ளை. உங்கப்பா லாக்கப்புல கிடந்தப்போ தண்ணி ஊத்தின பிள்ளை."

சிரிப்பு நின்றது. பள்ளிப் புத்தகத்தில் ஜெனரல் இருநூறு குதிரைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்தார் என்று இருக்கிறது. லாக்கப் கிடையாது.

"நாக்கை அடக்கு கிழவா. நீயும் மகன் கூடப் படகு ஏறணுமா?" என்றான் மீசை வைத்த ஒரு கர்னல்.

"ஏத்து. நீந்தத் தெரிஞ்ச ஆள்தான் நான்."

குதிரையாவது மண்ணாவது. துணி துவைக்கிறவளின் மகன் லியாந்த்ரோ. தோல் கிடங்கில் வீசிய எலும்பைச் சூப்பி வளர்ந்தவர். காலுக்குப் பூட்ஸ் கிடைக்குமே என்றுதான் பட்டாளத்தில் சேர்ந்தார். லெப்டினன்ட் ஆன பிறகும் சிப்பாய்களோடு ஒரே சட்டியில் தின்றார். வண்டு விழுந்த சோளத்தை எடுத்துப்போய் அன்றைய தளபதியின் மேசையில் கொட்டி, "நீங்க தின்னுங்க, பாத்துட்டு நாங்க தின்றோம்" என்றார். கலகக்காரன் என்று எழுதி, மறுநாள் சுடச் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் காவல், சிப்பாய் கிறிசாந்தோ.

அன்று மத்தியானம் கிறிசாந்தோவின் பெண்டாட்டி மூச்சுத் திணறும் பச்சைப்பிள்ளையோடு ஓடி வந்தாள். பாதிரியார் ஆற்றுக்கு அந்தப் பக்கம். சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றலாம். பெற்றவர்கள் மட்டும் ஊற்றக்கூடாது என்பது அங்கே வழக்கம். பக்கத்தில் இருந்த ஒரே ஆள் கைதி. கிறிசாந்தோ பூட்டைத் திறந்தான். லியாந்த்ரோ குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, நிக்காசியோ என்று பேர் சொன்னார். பிள்ளை வீறிட்டு அழுது பிழைத்துக்கொண்டது.

மறுநாள் சுட வந்தவர்கள் முன்னால் கிறிசாந்தோ மார்பைக் காட்டி நின்றான். "என் கொம்பாத்ரேயைச் சுடணும்னா முதல்ல என்னைச் சுடுங்கடா." ஒரு துப்பாக்கியும் உயரவில்லை. வெயில் ஏறுவதற்குள் முகாம் லியாந்த்ரோ கையில். மாதம் முடிவதற்குள் தலைநகரம். பிறகு முப்பது வருஷம் நாட்டை ஆண்டார். பாலம் கட்டினார், பள்ளி கட்டினார், எதிர்த்தவனைச் சுடவும் சுட்டார். ஆனால் சிப்பாய்ச் சட்டியில் வண்டு விழவில்லை.

"எங்கப்பா ஜெயிலுக்குப் போனதே இல்ல," என்றான் ரெனான்.

"போனாரு," என்றாள் அவன் அம்மா எர்மெலிந்தா. அதுவரை செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவள். "மரவள்ளி ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவ நான். புத்தகத்துல குதிரையை எழுதச் சொன்னதும் உங்கப்பாதான். லாக்கப்பைச் சொன்னா ஜனங்க அழுவாங்க, குதிரையைச் சொன்னாத்தான் பின்னால வருவாங்கன்னாரு." கர்னல் பக்கம் திரும்பினாள். "என் கொம்பாத்ரே நின்னுகிட்டே இருக்காரு. கண்ணு அவிஞ்சா போச்சு? நாற்காலி போடு."

கர்னல் போட்டான். ரெனான் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அன்னைக்கு அவரு பயந்தாரா?"

கிழவன் பொய் சொல்லத் தெரியாதவன். "பயந்தாரு. கை நடுங்கிப் பாதித் தண்ணி பிள்ளை காதுல போச்சு. என் துப்பாக்கி சுவத்துல சாஞ்சிருந்துச்சு, கதவு திறந்து கிடந்துச்சு. எடுத்துக்கிட்டு ஓடியிருக்கலாம். பிள்ளையை எங்கிட்ட கொடுத்துட்டுத் தானாப் போய் உள்ள உக்காந்தாரு. 'பூட்டு கொம்பாத்ரே, இல்லேன்னா எனக்குப் பதிலா உன்னைச் சுடுவாங்க'ன்னாரு. அதான் தம்பி, பயந்தவரு செஞ்சது."

ரெனான் எழுந்தான்.

"வாங்க. நிக்காசியோ அண்ணனை நானே கூட்டிட்டு வர்றேன்."

சிறை வாசலில் காவலாளி பதறிப்போய்ச் சாவியை நீட்டினான். ரெனான் அதை வாங்கித் தன் கையாலேயே பூட்டைத் திறந்தான்.